அப்பாயி போன பிறகு: பங்குக் கணக்கும் பணிவிடைக் கணக்கும்

திருச்சி மாவட்டத்தில் காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் 81 வயது அப்பாயி (அப்பாவைப் பெற்ற பாட்டி) ஒருவர் 2024 ஜூனில் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போதே அவருடைய பிள்ளைகளுக்குள் பேச்சு நின்றுபோனது. அதன்பின் சொந்தக்காரர் பஞ்சாயத்து, வக்கீல் நோட்டீஸ், காவல் நிலையம் என்று அலைந்து, 2025இல் சமரசத்தில் வந்து நின்றது. அதை முழுதாக இங்கே எழுதுகிறேன். குடும்பச் சமரசப் பேச்சுகளில் உட்கார்ந்து பழக்கப்பட்டவன் நான். யாருடைய அடையாளமும் தெரியக்கூடாது என்பதால், ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் பார்த்ததை ஒரே குடும்பமாகச் சேர்த்திருக்கிறேன், தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். சட்டக் கணக்கில் மட்டும் கை வைக்கவில்லை.

குடும்பம்

தாத்தா அரசுப் பள்ளி ஆசிரியர். தன் சம்பளத்தில் மனை வாங்கி ஓட்டு வீடு கட்டினார், ஓய்வு பெற்றபின் அதை மெத்தை வீடாக்கினார். 2009இல் இறந்தார். உயில் எழுதவில்லை. பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாம் அவர் பெயரிலேயே கிடந்தன. "அம்மா இருக்கிற வரைக்கும் எதுக்கு அந்தப் பேச்சு" என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பிள்ளைகள் மூன்று பேர். மூத்த மகனுக்குச் சென்னைப் புறநகரில் தனியார் கம்பெனி வேலை, வாடகை வீடு. மகளை 1987இல் கரூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சின்ன மகன் பெற்றவர்களோடு அதே வீட்டில் இருந்தவர், சிறுநீரகக் கோளாறால் 2016இல் இறந்துபோனார். அவருடைய மனைவியும் மகளும் அப்பாயியோடு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். மருமகள் ஒரு நர்சரிப் பள்ளியில் மாதம் 9,000 ரூபாய்க்கு டீச்சராக இருந்தார். அப்பாயிக்குக் குடும்ப ஓய்வூதியம் மாதம் 18,000 வந்தது. அதில் மிச்சம் பிடித்துப் போட்ட வைப்புத்தொகை ஒன்றும் இருந்தது, அதற்கு மூத்த மகன் நாமினி. நகை 11 பவுன்.

2022 பிப்ரவரியில் அப்பாயி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. திருச்சியில் ஆபரேஷன். ஓய்வூதியர்களுக்கான மருத்துவக் காப்பீடு ஒரு பகுதியைக் கொடுத்தது, மேற்கொண்டு ஆன 1,40,000 ரூபாயை மூத்த மகன் கட்டினார். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது நகைகளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி மகளிடம் கொடுத்தார்கள். எல்லோரும் எல்லோருக்கும் உதவியாக இருந்த காலம் அது. அப்பாயி அதற்குப் பிறகு எழுந்து நடக்கவேயில்லை.

28 மாதம்

காப்பீடு ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடும். வீட்டுக்கு வந்தபின் நடப்பது எந்த பில்லிலும் வராது.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துத் திருப்பிவிட வேண்டும். தவறினால் முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, பிறகு புண்ணாகும். இந்த வீட்டில் நான்காவது மாதமே படுக்கைப் புண் வந்துவிட்டது. காற்றுப் படுக்கை வாங்கிப் போட்டார்கள், மின்சாரம் போனால் அது தட்டையாகிவிடும். இரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் மருமகள் எழுந்து திருப்பிப் படுக்க வைப்பார். காலையில் டயப்பர் மாற்றி, வெந்நீரில் துடைத்து, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டி, இட்லியைப் பாலில் கரைத்து ஊட்டி முடிக்கப் பத்தரை ஆகும். பள்ளி வேலையை முதல் மாதமே விட்டாயிற்று. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வந்து போனது பெரிய ஆறுதல். அவர்கள் வந்து போவது கொஞ்ச நேரம்தான், மீதி 23 மணி நேரத்துக்கும் அந்தப் பெண்தான். ஏஜென்சியில் ஹோம் நர்ஸ் கேட்டபோது மாதம் 20,000க்குக் குறைவாக ஆள் இல்லை என்றார்கள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. காலையில் குளிப்பாட்டுவதற்குத் துணையாகத் தெருவிலேயே ஒரு அம்மாவை மாதம் 3,500க்கு வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது வருடத்தில் அப்பாயிக்கு நினைவு தப்பியது. மருமகளை "யாரு நீ, ஏன் என்னைத் தொடுற" என்று கையைத் தட்டிவிடுவார். மூத்த மகன் பேரைத்தான் நாள் முழுக்கக் கூப்பிடுவார்.

மகள் மாதம் ஒருமுறை வந்து இரண்டு மூன்று நாள் தங்குவார். அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றி, நகம் வெட்டி, சிக்கெடுத்துப் பின்னிவிடுவார். மூத்த மகன் முதல் ஏழெட்டு மாதம் 5,000 அனுப்பினார், பிறகு தன் மகள் கல்யாணக் கடனில் அது நின்றுபோனது. நின்றுபோனதை அவரும் சொல்லவில்லை, மருமகளும் கேட்கவில்லை. யாரையும் குற்றவாளியாக்க நான் இதை எழுதவில்லை. மாதம் இவ்வளவு, முறை வைத்து இத்தனை நாள் என்று முதல் மாதமே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அப்படிப் பேசினால் அம்மாவுக்கு விலை போடுவதுபோல் ஆகிவிடும் என்று மூவருமே தயங்கினார்கள்.

சந்தேகம் நுழைந்த இடம்

ஓய்வூதியம் எடுக்கும் ஏடிஎம் கார்டு மருமகளிடம் இருந்தது. மாதம் 18,000, 28 மாதத்தில் 5,04,000. சென்னையிலிருந்து பார்ப்பவருக்கு இந்த எண் மட்டும்தான் தெரியும்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. 2023 கடைசியில் மருமகளின் அண்ணன் ஒரு பத்திர எழுத்தரை வீட்டுக்குக் கூட்டிவந்தார். கிழவி பெயரில் ஓர் உயில் எழுதிக் கைரேகை வாங்கிவிட்டால் தங்கைக்குப் பாதுகாப்பு என்பது அவர் எண்ணம். மைப்பெட்டியைத் திறக்கும்போது மருமகள் தடுத்துவிட்டார். "அத்தைக்கு என்னையே யாருன்னு தெரியல. இதுல ரேகை வாங்கினா நாளைக்கு நான் திருடியாயிடுவேன்" என்றார். சரியான முடிவு. தெளிந்த மனநிலையில் எழுதாத உயில் செல்லாது, நீதிமன்றத்தில் முதல் நாளே அடிபட்டிருக்கும். ஆனால் ஊருக்குள் பரவியது முதல் பாதிதான்: பத்திர எழுத்தர் வந்து போனார். தடுத்தது யார் என்ற பாதி சென்னைக்குப் போய்ச் சேரவில்லை. அன்றிலிருந்து மூத்த மகன் போனில் பேசுவது குறைந்தது.

பதினாறாம் நாள்

உடலைக் குளிப்பாட்டும்போது அப்பாயியின் காதிலிருந்த கெம்புத் தோட்டைக் கழற்றி, மருமகள் ஒரு மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைத்திருந்தார். காரியம் முடிந்த சாயங்காலம் மூத்த மருமகள் கேட்டார்: "அத்தை காதுல இருந்த தோடு யார்கிட்ட இருக்கு?" இவர் எடுத்துவந்து கொடுத்தார். மகளுக்குச் சுருக்கென்றது. "எங்கம்மா தோட்டை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நீ ஏன் முடிஞ்சு வச்ச?"

"28 மாசம் அத்தை மலத்தை அள்ளினப்ப யாரும் எதுவும் கேக்கல அண்ணி. தோட்டுக்கு மட்டும் கேக்குறீங்க."

மூத்த மகன் குறுக்கே வந்தார். "சும்மாவா பார்த்த? மாசம் 18,000 எடுத்தியே."

எல்லாம் உடைந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான். ஒரு வருடம் கழித்துப் பேச்சுவார்த்தையிலும் மருமகள் திரும்பத் திரும்ப அதைத்தான் சொன்னார். வீடு, நகை எல்லாம் அதற்குப் பிறகுதான். அடுத்த வாரமே மூத்த மகன் இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போய், நாமினி என்ற முறையில் வட்டியோடு 4,80,000 எடுத்துக்கொண்டார். நகை மகளிடமே இருந்தது. வீட்டை விற்கலாம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பேத்தி குழுவிலிருந்து வெளியேறினாள். போகப் போக ஆளுக்கொரு வக்கீல்.

ஆளாளுக்குச் சொன்னதும் சட்டம் சொல்வதும்

இந்த ஒரு வருடத்தில் நாலாபுறமிருந்தும் யோசனைகள் வந்தன. பெரும்பாலும் தவறானவை. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இதே தவறுகள் உலவுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூத்த மகனிடம் ஒருவர், "தங்கச்சிக்குக் கல்யாணம் 1989க்கு முன்னாடியே ஆயிடுச்சு, பங்கு கிடையாது" என்றார். 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் பேசியது பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குள்ள உரிமையைப் பற்றி. அதில்கூட, 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தமும் 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் வந்தபின் அந்தக் கல்யாணத் தேதி வாதம் நிற்காது. இந்த வீடோ தாத்தா தன் சம்பளத்தில் சம்பாதித்தது. அப்படிப்பட்ட சொத்தில் உயில் இல்லாவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உள்ளது.

வைப்புத்தொகைக்கு நாமினி என்றால் பணம் அவருக்கே என்று இரு தரப்பும் நம்பின. நாமினி வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ள அதிகாரம் உள்ளவர், அவ்வளவுதான். பணம் வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. ராம் சந்தர் தல்வார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

மருமகளிடம் ஒருவர், பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனு போடச் சொன்னார். 2007ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் முதியவர் உயிரோடு இருக்கும்போது அவருக்காக உள்ளது. அப்பாயி கேட்டிருந்தால் பிள்ளைகள் மாதம் 10,000 வரை கொடுக்கும்படி உத்தரவு கிடைத்திருக்கும், வக்கீல்கூட வேண்டியதில்லை. ஆனால் பெற்ற பிள்ளைமேல் மனுவா என்று எந்த அப்பாயியும் போடுவதில்லை. இறந்தபின், பார்த்துக்கொண்டவர் தன் உழைப்புக்குக் கேட்க அதில் வழியில்லை.

சரி, வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஊர்ப் பெரியவர்கள் ஒரே வார்த்தையில் "மூணு பங்கு" என்றார்கள். சட்டப்படி கணக்கு வேறு. 2009இல் தாத்தா இறந்தபோது அப்பாயி, மூன்று பிள்ளைகள் என நான்கு பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. 2016இல் சின்ன மகன் இறந்தபோது அவருடைய கால் பங்கு மனைவி, மகள், தாய் மூவருக்கும் சமமாகப் பிரிந்தது. ஆம், தாயும் மகனுக்கு முதல் நிலை வாரிசு. பலருக்கு இது தெரிவதில்லை. அதனால் அப்பாயியிடம் சேர்ந்தது மொத்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கு. 2024இல் அவர் உயில் எழுதாமல் இறந்தபோது அந்தப் பங்கு மூத்த மகன், மகள், இறந்த மகனின் மகளான பேத்தி ஆகிய மூவருக்கும் போனது. மாமியார் சொத்தில் மருமகள் வாரிசு அல்ல.

வீட்டை 36 பங்காக வைத்துப் பாருங்கள். மூத்த மகனுக்கு 13, மகளுக்கு 13, பேத்திக்கு 7, மருமகளுக்கு 3. இரவு மூன்று மணிக்கு எழுந்து திருப்பிப் படுக்க வைத்தவருக்குத்தான் இருப்பதிலேயே சிறிய பங்கு. அந்த மூன்றும் செத்துப்போன கணவர் வழியாக வந்ததுதான், 28 மாதத்துக்கென்று ஒன்றுமே இல்லை. நினைவு தெளிவாக இருந்தபோதே அப்பாயி தன் மூன்றில் ஒரு பங்கை மருமகள் பெயருக்கு உயிலாக எழுதியிருந்தால், அதே மருமகளுக்கு 36இல் 15 கிடைத்திருக்கும். உயிலுக்கு முத்திரைத் தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும். படுத்த படுக்கையான முதல் வருடத்தில் அப்பாயி தெளிவாகத்தான் இருந்தார். அந்த ஒரு வருடத்தைக் குடும்பமே தவறவிட்டது என்பதுதான் இந்த வழக்கில் எனக்கு ஆறாத வருத்தம்.

பேச்சுவார்த்தை

வட்ட சட்டப் பணிகள் குழு மூலமாகச் சமரசத்துக்கு வந்தார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு என்பதால் மருமகள்தான் மனு கொடுத்தார். பேத்திக்கு அப்போது 20 வயது, அவளும் தன் பங்குக்குத் தானே உட்கார்ந்தாள்.

முதல் அமர்வில் எல்லோரும் வீட்டைப் பற்றியே பேசினார்கள், ஒரு அடியும் நகரவில்லை. பிறகு வீட்டை ஓரமாக வைத்துவிட்டு மூன்று கேள்விகளைத் தனித்தனியாக எடுத்தோம். அப்பாயிக்கு யார் என்ன செலவழித்தார்கள்? யார் என்ன வேலையை இழந்தார்கள்? அதற்கு அப்புறம், யாருக்கு என்ன பங்கு? இந்த வரிசை முக்கியம். செலவும் உழைப்பும் பேசி முடிக்காமல் பங்கைத் தொட்டால், ஒவ்வொருவரும் பழைய மனக்குறையைப் பங்குக்குள் திணிக்கப் பார்ப்பார்கள்.

இரண்டாம் அமர்வுக்குப் பேத்தி ஒரு பால் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தாள். முன்பக்கம் பால் கணக்கு, பின்பக்கத்திலிருந்து திருப்பினால் அப்பாயி செலவு. ஊதா மையில் தேதி வாரியாக டயப்பர், பஞ்சு, மாத்திரை, ஆப்பிள், ஆட்டோ. சில இடங்களில் "பாட்டிக்கு ஜிலேபி 20" என்றுகூட இருந்தது. கூட்டிப் பார்த்தபோது மாதத்துக்குச் சராசரியாக டயப்பர் 4,000, மருந்து 3,500, பாலும் சாப்பாடும் 4,000, டாக்டரும் புண் கட்டும் 1,500, துணைக்கு வந்த அம்மாவுக்கு 3,500. மொத்தம் 16,500. 28 மாதத்துக்கு 4,62,000. ஓய்வூதியத்தில் மிச்சம் 42,000, அதில்தான் காற்றுப் படுக்கையும் கூடுதல் மின்கட்டணமும்.

மூத்த மகன் அந்த நோட்டை வெகுநேரம் புரட்டினார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "இதை அப்பவே காட்டியிருக்கலாமே" என்றார். "கேட்டிருந்தா காட்டியிருப்பேன்" என்றார் மருமகள். இரண்டுமே நியாயம்தான்.

அவருக்கும் கணக்கு இருந்தது. ஆபரேஷனுக்கு 1,40,000. சாவுச் செலவும் காரியச் செலவும் சேர்ந்து 1,60,000, மொய் வந்தது 70,000, கையிலிருந்து போட்டது 90,000. தம்பி டயாலிசிஸில் இருந்த நாட்களில் கொடுத்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, அதை மருமகளே எடுத்துச் சொன்னார். எனக்குத் தெரிந்து, அறையின் இறுக்கம் தளர்ந்தது அப்போதுதான்.

மகளின் குறை வேறு மாதிரி. எந்தப் பேச்சிலும் அவரை யாரும் கலந்துகொள்ளவில்லை. "உனக்குத்தான் அப்பவே 15 பவுன் போட்டாச்சே" என்று அண்ணனும், "நகை உங்ககிட்டதானே இருக்கு" என்று மருமகளும் சொல்லச் சொல்ல, அவர் நகையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வீடு விற்றுப்போனால் பொங்கலுக்கு வந்து நிற்கத் தாய்வீடு இல்லை என்ற பயமும் இருந்தது. அவரை விடுதலைப் பத்திரத்தில், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்தினார்கள். வேண்டாம், தேவையும் இல்லை என்று அவரிடம் நேராகவே சொன்னேன். ஒரு பெண்ணுக்கு நியாயம் செய்ய இன்னொரு பெண்ணின் பங்கைப் பிடுங்குவது என்ன நியாயம்?

உடன்பாடு

வைப்புத்தொகை 4,80,000இல் ஆபரேஷன் செலவு 1,40,000, காரியச் செலவு 90,000 இரண்டையும் மூத்த மகன் எடுத்துக்கொண்டார். மீதி 2,50,000 மருமகளுக்கு. அவர் விட்ட சம்பளம் மாதம் 9,000 வீதம் 28 மாதத்துக்கு 2,52,000. இந்தத் தொகையை ஒப்பந்தத்தில் "உதவி" என்று எழுத முதலில் யோசனை வந்தது. மருமகள் மறுத்தார். "மாமியாரைப் பராமரித்ததற்காக வேலையை விட்டதை ஈடு செய்யும் தொகை" என்றே எழுதப்பட்டது. அந்த வரிக்காக மட்டும் அரை மணி நேரம் பேசினோம், அது வீண் நேரமில்லை.

நகை 11 பவுனில் மகளுக்கு 5, பேத்திகள் இருவருக்கும் மும்மூன்று. கெம்புத் தோடு மகளுக்கு என்பதில் யாரும் மறுபேச்சு பேசவில்லை.

வீட்டில் மூத்த மகனும் மகளும் தங்கள் 13இலிருந்து ஆளுக்கொரு பங்கை மருமகளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அதனால் மூன்று கிளைகளுக்கும் 12, 12, 12 ஆனது, ஊர்ப் பெரியவர்கள் சொன்ன அதே மூன்று பங்கு. ஐந்து வருடத்துக்கு விற்பனை இல்லை, மருமகளும் பேத்தியும் வாடகையின்றி இருக்கலாம், வீட்டு வரியும் பழுதுச் செலவும் அவர்களுடையது. பிறகு விற்பதானால் வாங்கும் முதல் உரிமை அவர்களுக்கு. மகளுக்கும் அண்ணனுக்கும் பின்கட்டு அறை எப்போதும் திறந்திருக்கும் என்றும் எழுதினார்கள். மக்கள் நீதிமன்றத்தில் இது தீர்ப்பாகப் பதிவானது. அங்கே பதிவானால் சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. விட்டுக்கொடுத்த பங்குகளைத் தனியே பத்திரமாகவும் பதிந்தார்கள். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், 2023 ஜூலை முதல் அதற்கு உச்சவரம்பு 40,000.

இப்போது

மகள் பொங்கலுக்கு வந்து நான்கு நாள் தங்கிப் போனார். மருமகள் பழைய பள்ளியில் கேட்டுப் பார்த்தார், இடம் இல்லை. இப்போது வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார், வருமானம் பாதிதான். 2,50,000 கொடுத்தாலும் அந்த வேலை திரும்பி வரவில்லை, இதற்கு எங்கள் ஒப்பந்தத்தில் வழி ஏதும் இல்லை.

மூத்த மகன் முதல் வருட திதிக்கு வந்தார், சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். மருமகளும் வற்புறுத்தவில்லை. "பணத்தைக் கொடுத்துட்டாங்க. அந்த வார்த்தையை இன்னும் எடுத்துக்கல" என்றார் என்னிடம். கூட்டுப் பட்டாவுக்கு நான்கு பேர் பெயரிலும் மனு போட்டிருக்கிறார்கள், சர்வேயர் வந்து அளக்க வேண்டியது பாக்கி.